92 நாடாக்கள், ஒரு அறிக்கை: சி.ஐ.ஏ. கண்காணிப்பு அதிகாரி ஒருவரின் ஏழு ஆண்டுகள்

உளவு அமைப்பைக் கண்காணிக்க அதற்குள்ளேயே ஓர் அதிகாரியை உட்கார வைத்தால் அவரால் எவ்வளவு தூரம் போக முடியும்? எந்த இடத்தில் அவர் கை கட்டப்படும்? 2002 ஏப்ரல் முதல் 2009 வரை அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வில் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தவரின் பணிக்காலம் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பகுதி பின்னாளில் நீதிமன்ற வழக்குகள் வழியாகவும் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உளவுத்துறைக் குழு வழியாகவும் வெளியே வந்துவிட்டது. அந்த ஆவணங்களில் உள்ளதை வைத்தே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே சிக்கல்கள்தான் வந்திருக்கும்.

## பதவியின் பின்னணி

நம் ஊரில் ஐ.ஜி. என்றதும் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வரும். இது வேறு பதவி. அமெரிக்க அரசுத் துறைகளில், துறைக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் அதிகார மீறல், வீண்செலவு, முறைகேடு ஆகியவற்றை விசாரிப்பவரை இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்கிறார்கள்.

சி.ஐ.ஏ.வில் 1950-களிலிருந்தே இந்தப் பதவி உண்டு. ஆனால் அப்போது இயக்குநரே நியமித்தார், இயக்குநரிடமே அறிக்கை போனது. 1961-இல் கியூபாமீது சி.ஐ.ஏ. நடத்திய பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு படுதோல்வி அடைந்தபோது அன்றைய இன்ஸ்பெக்டர் ஜெனரல், தன் அமைப்பின் திட்டமிடலைக் கடுமையாகக் குறைகூறி ஓர் அறிக்கை எழுதினார். அது பொதுமக்கள் கண்ணில் பட்டது 1998-இல்தான்.

1980-களில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிப் படைக்குக் கொடுத்த ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்த பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விழித்துக்கொண்டது. 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். பதவி நீக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு மட்டுமே; நீக்கினால் காரணத்தை காங்கிரஸின் உளவுத்துறைக் குழுக்களுக்குச் சொல்ல வேண்டும். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு விசாரணையை நிறுத்த இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நிறுத்தினால் ஏழு நாட்களுக்குள் அந்தக் குழுக்களுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இந்த ஏழு நாள் விதி முக்கியமானது. தடுக்கலாம், ஆனால் தடுத்ததை ஒளிக்க முடியாது.

தண்டிக்கும் அதிகாரம் மட்டும் இந்தப் பதவிக்கு இல்லை. குற்றம் என்று தோன்றினால் நீதித்துறைக்கு (நீதிமன்றம் அல்ல; வழக்குத் தொடுக்கும், அரசுக்குச் சட்ட ஆலோசனை தரும் அமைச்சகம்) அனுப்பலாம், இயக்குநருக்குப் பரிந்துரைக்கலாம். அதற்குமேல் அவர் கையில் இருப்பது பேனா ஒன்றுதான்.

## பொறுப்பேற்றவர்

2002 ஏப்ரலில் பொறுப்பேற்றவர் வெளியாள் இல்லை. முப்பது ஆண்டுகள் அதே அமைப்பில் இருந்தவர், அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1989 முதல் 1993 வரை பகுப்பாய்வுப் பிரிவு முழுவதற்கும் தலைவராக இருந்தார். செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் கையாளும் அமைப்பில் துணை இயக்குநராகவும், அதன் பின் தேசிய உளவுக் கவுன்சிலின் தலைவராகவும் இருந்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தார்.

இத்தனை காலம் கூடவே சாப்பிட்டுப் பழகியவர்களை விசாரிக்க ஒருவரால் முடியுமா என்று கேட்பது நியாயம்தான். என் கணிப்பு வேறு. எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கும், எந்தத் தந்தியில் எதை எழுதாமல் விடுவார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். அப்புறம் நடந்தவற்றைப் பார்த்தால் இது புரியும்.

## தொடக்கம்: 2002 நவம்பர்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சி.ஐ.ஏ. வெளிநாடுகளில் ரகசியச் சிறைகளை நடத்தத் தொடங்கியது. 2002 ஆகஸ்ட் 1 தேதியிட்ட நீதித்துறைக் கருத்துரை ஒன்று, கைதிகளிடம் சில கடுமையான முறைகளைப் பயன்படுத்தலாம் என்றது. அதில் ஒன்று வாட்டர்போர்டிங்: ஆளைப் பலகையில் கட்டிப் படுக்கவைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி மூச்சு முட்ட வைப்பது.

இவை எதுவும் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்குச் சொல்லப்படவில்லை. 2002 நவம்பர் 20 அன்று ஆப்கானிஸ்தானில் இருந்த ரகசியச் சிறை ஒன்றில் ஒரு கைதி இறந்துகிடந்தார். இடுப்புக்குக் கீழே உடை இல்லாமல், வெறும் கான்கிரீட் தரையில் உட்கார வேண்டிய விதத்தில் அவரைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். குளிரில் உடல் விறைத்துச் செத்தார். இந்தச் சாவுக்குப் பிறகுதான் இப்படி ஒரு திட்டம் நடப்பதே கண்காணிப்பு அலுவலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் குறைந்தது 22 பேர் இரண்டு சிறைகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று செனட் குழு பின்னாளில் கணக்கிட்டது.

2003 ஜனவரியில் இரண்டாவது செய்தி வந்தது. இன்னொரு சிறையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டு உட்கார்ந்திருந்த கைதி ஒருவரின் தலைக்கருகே குண்டு போடாத கைத்துப்பாக்கியை ஒருவர் இழுத்துச் சொடுக்கியிருந்தார். வேறொரு சமயம் நிர்வாணமாக நின்ற அதே கைதியின் அருகில் மின் துளைப்பான் ஒன்றை ஓடவிட்டு மிரட்டினார். இவை ஆகஸ்ட் கருத்துரையில்கூட அனுமதிக்கப்படாதவை. ரகசிய நடவடிக்கைப் பிரிவின் தலைவரே இதை இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் தெரிவித்து விசாரிக்கச் சொன்னார்.

மூன்றாவதாக வந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நாம் செய்வது மனித உரிமை மீறலாகிவிடுமோ என்ற கவலை ஊழியர்களிடமிருந்தே அந்த அலுவலகத்தின் காதுக்கு வந்தது. அமைப்பு செய்துகொண்டிருந்தது அமெரிக்காவின் நெடுநாள் கொள்கைக்கே முரணானது என்று பலர் தன்னிடம் நேரடியாகச் சொன்னதாக, ஓய்வுபெற்ற பிறகு அவர் கூறினார். உள்ளே வளர்ந்தவர் என்பதால்தான் அந்தக் கதவைத் தட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

## முதல் முடிவு: தனித்தனி வழக்கா, முழு ஆய்வா

அந்தச் சாவு ஒரு வழக்கு, துப்பாக்கியும் துளைப்பானும் ஒரு வழக்கு என்று பிரித்து விசாரித்து முடித்திருக்கலாம். அது எளிய வழி. யாரோ ஒரு இளநிலை அதிகாரி தவறு செய்தார் என்று கோப்பை மூடியிருப்பார்கள். அவரும் அந்தச் சம்பவங்களைத் தனியாக விசாரிக்கத்தான் செய்தார். கூடவே, 2001 செப்டம்பர் முதல் 2003 அக்டோபர் வரையிலான முழுத் திட்டத்தையும் ஆராய்வது என்றும் தீர்மானித்தார். அனுமதி இல்லாமல் நடந்ததை மட்டும் பார்த்தால் போதாது, அனுமதியோடு நடந்தது எப்படி நடந்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். அவருடைய பணிக்காலத்தின் ஆகப் பெரிய முடிவு இதுதான்.

அவருடைய அலுவலகம் 100-க்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டது, 38,000 பக்கங்களுக்கு மேல் படித்தது, சிறைகளுக்கும் நேரில் போனது.

## நாடாக்களுக்கு முன்னால்: 2003 மே

வெளிநாட்டு நிலையம் ஒன்றில் 92 வீடியோ நாடாக்கள் வைக்கப்பட்டிருந்தன. கைதிகளிடம் 2002-இல் நடந்த விசாரணைகளைப் படம் பிடித்தவை. இவற்றை 2002 நவம்பர், டிசம்பரில் சி.ஐ.ஏ.வின் சட்டப் பிரிவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். நடந்தது நீதித்துறை வழிகாட்டுதலிலிருந்து விலகவில்லை, எழுத்துப் பதிவோடும் பொருந்துகிறது என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அப்படியே நம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் ஜெனரலின் ஆட்கள் 2003 மே மாதம் அங்கே போய் நாடாக்களை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். 11 நாடாக்களில் எதுவுமே இல்லை. இன்னும் இரண்டில் ஓரிரு நிமிடங்களைத் தவிர மற்றதெல்லாம் வெற்று. வேறு இரண்டு உடைந்துபோயிருந்தன. அதோடு விடவில்லை. நாடாவில் தெரியும் நேரத்தைக் குறிப்பேடுகளோடும் தலைமையகத்துக்கு அனுப்பிய தந்திகளோடும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். 21 மணி நேரம் காணவில்லை. வாட்டர்போர்டிங் நடந்த இரண்டு அமர்வுகள் அந்த இடைவெளிக்குள் அடக்கம். நாடாக்கள் பதிவோடு பொருந்துகின்றன என்று எழுதியாகிவிட்ட பிறகு கிடைத்த விடை இது.

அப்புறம் எண்ணினார்கள். உட்கார்ந்து, ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றியதையும் எண்ணினார்கள். ஒரு கைதிக்கு 83 முறை. பெரும்பாலும் ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறைவு. இந்த நாடாக்களில் இல்லாத இன்னொரு கைதிக்கு 2003 மார்ச்சில் 183 முறை என்றும் அறிக்கையில் பதிவானது.

ஊற்றிய விதத்தையும் கவனித்தார்கள். நீதித்துறைக்கு எழுதிக்கொடுத்தபோது துணியை நனைப்பது, கொஞ்சம் நீர், கட்டுப்பாட்டோடு என்று சொல்லியிருந்தார்கள். நாடாவில் இருந்ததோ வாயையும் மூக்கையும் மூடிய துணிமேல் பெருமளவு நீரை விடாமல் ஊற்றுவது. காகிதத்தில் அனுமதி வாங்கியது ஒன்று, அறைக்குள் செய்தது இன்னொன்று. இந்த வித்தியாசத்தை நாடாவைப் பார்க்காத யாராலும் எழுதியிருக்க முடியாது.

## எழுதியதும் எழுதாததும்

வரைவு தயாரானதும் சம்பந்தப்பட்ட பிரிவுகளின் கருத்துக்கு அனுப்பினார். ரகசிய நடவடிக்கைப் பிரிவு 2004 பிப்ரவரியில் நீண்ட மறுப்பு எழுதியது. திட்டத்தால் கிடைத்த பலனைச் சரியாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் குறை. அறிக்கை 2004 மே 7 அன்று இறுதியானது.

திட்டமே சட்டவிரோதம் என்று அவர் அதில் தீர்ப்பு எழுதவில்லை. நீதித்துறையின் கருத்துரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எதைத் தொடவே இல்லை என்று பிரித்துக் காட்டினார். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, சித்திரவதை அளவுக்குப் போகாத கொடூரமான, இழிவான நடத்தையையும் தடுக்கச் சொல்கிறது. ஆகஸ்ட் கருத்துரையில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்று சுட்டினார். கைதிகளிடமிருந்து தகவல் கிடைத்தது உண்மை, ஆனால் இந்தக் குறிப்பிட்ட முறைகளால்தான் கிடைத்ததா என்று அவ்வளவு எளிதாக அளக்க முடியாது என்றும் எழுதினார். வாட்டர்போர்டிங்கை இத்தனை முறை, இத்தனை கடுமையாகச் செய்தது பயன் தரும் என்றோ பாதுகாப்பானது என்றோ நம்புவதற்கு அடிப்படை இல்லை என்று சி.ஐ.ஏ.வின் மருத்துவப் பிரிவே சொன்னதையும் சேர்த்தார். பின்னாளில் தாங்கள் சர்வதேச நீதிமன்றத்தில் நிற்க நேருமோ என்று அதிகாரிகள் சிலர் பயந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது.

குறையும் உண்டு. திட்டத்தின் பலன் பற்றி அதிகாரிகள் அவருடைய அலுவலகத்துக்குக் கொடுத்த சில தகவல்கள் தவறானவை, அவை இறுதி அறிக்கையிலும் இடம்பிடித்துவிட்டன என்று செனட் குழு 2014-இல் காட்டியது. நாடாவை நேரில் பார்த்த இடத்தில் அவர் அலுவலகம் ஏமாறவில்லை. வாய்மொழியை நம்பிய இடத்தில் ஏமாந்தது.

## அதன் பிறகு நடந்தவை

உடனடி விளைவு இருந்தது. நீதித்துறையின் சட்ட ஆலோசனைப் பிரிவு, வாட்டர்போர்டிங்கை நிறுத்திவைக்கச் சொன்னது. 2002 ஆகஸ்ட் 1 அன்று சித்திரவதை பற்றி எழுதிய பொதுக் கருத்துரையையும் 2004 ஜூனில் திரும்பப் பெற்றது. இயக்குநர் அதே ஜூனில் இந்த முறைகளைத் தற்காலிகமாக நிறுத்தினார்.

ஆனால் 2005 மே மாதம் நீதித்துறை புதிய கருத்துரைகளை எழுதியது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் கண்டுபிடித்த 83, 183 என்ற எண்ணிக்கைகள் அவற்றில் வருகின்றன. 16-ஆவது பிரிவையும் எடுத்து விவாதித்தார்கள். முடிவு மட்டும் பழையபடியே: இந்த முறைகளைப் பயன்படுத்தலாம். ஓட்டை எங்கே என்று அவர் காட்டியதை, ஓட்டையை அடைக்கும் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆவணங்களில் என்னை மிகவும் சங்கடப்படுத்தும் பகுதி இது.

2005 நவம்பர் 9 அன்று 92 நாடாக்களும் அழிக்கப்பட்டன. ரகசிய நடவடிக்கைப் பிரிவின் அப்போதைய தலைவர் உத்தரவிட்டார். விசாரித்தவர்களின் முகங்கள் வெளியே வந்தால் ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு ஆண்டுகள் கழித்து 2007 டிசம்பரில் செய்தி வெளியானது. சிறப்பு வழக்கறிஞர் விசாரித்தார். 2010-இல், அழித்ததற்காக யார்மீதும் வழக்கு இல்லை என்று முடிந்தது. நாடாக்களில் என்ன இருந்தது என்று இன்று உலகம் அறிந்திருப்பதற்கு 2003 மே மாதம் அந்த அறையில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகள் பெரிய காரணம்.

## மற்ற விசாரணைகள்

செப்டம்பர் 11 தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்கு சி.ஐ.ஏ.வில் யார் பொறுப்பு என்று ஆராயும்படி காங்கிரஸின் கூட்டுக்குழு 2002-இல் கேட்டிருந்தது. அவர் 2005 ஜூனில் அறிக்கை கொடுத்தார். விமானத்தைக் கடத்தியவர்களில் இருவரின் பயணத் தகவல் அடங்கிய ஆறு தந்திகளில் ஒன்றையோ பலவற்றையோ 50 முதல் 60 பேர் படித்திருக்கிறார்கள் என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. முன்னாள் இயக்குநர் உட்படச் சிலருடைய பொறுப்பை ஆராயக் குழு அமைக்கச் சொன்னார். அப்போதிருந்த இயக்குநர் மறுத்துவிட்டார். இந்த ஆய்வைக் கேட்ட கூட்டுக்குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர் அதே மனிதர்தான்.

தவறான ஆளென்று தெரிந்தும் ஜெர்மன் குடிமகன் ஒருவரை மாதக்கணக்கில் அடைத்துவைத்ததைப் பற்றி 2007-இல் ஓர் அறிக்கை. பெருவில் போதைப்பொருள் விமானம் என்று நினைத்து 2001 ஏப்ரலில் மதப்பணியாளர்களின் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் ஒரு தாயும் கைக்குழந்தையும் இறந்த சம்பவம் பற்றி 2008-இல் இன்னொன்று. எதுவும் அவருக்கு உள்ளே நண்பர்களைச் சேர்த்துத் தரவில்லை.

## கண்காணிப்பவர்மீதே விசாரணை: 2007

2007 அக்டோபரில் ஒரு செய்தி வெளியானது. புதிய இயக்குநர், இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று ஆராயத் தன் மூத்த ஆலோசகர் ஒருவரை நியமித்திருந்தார். அரசு வழக்கறிஞர்போல நடந்துகொள்கிறார்கள், விசாரணைகள் முடிவதே இல்லை, அதுவரை அதிகாரிகளின் பதவி உயர்வு நிற்கிறது என்பவை புகார்கள்.

இதில் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2002 நவம்பரில் நடந்த சாவுக்கு 2005 ஏப்ரலில்தான் விசாரணை அறிக்கை வந்தது. இரண்டரை ஆண்டுகள் ஒருவரைத் தொங்கலில் வைப்பது சரியில்லை. ஆனால் கைதியை அப்படிப் பிணைக்கச் சொன்ன அதிகாரிக்கு, சாவு நடந்து நாலே மாதத்தில் சிறந்த பணிக்காக 2,500 டாலர் வெகுமதி பரிந்துரைத்தார்கள். ஆகவே எல்லாருடைய வாழ்க்கையும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

வழி தவறு என்பதே என் கருத்து. இன்ஸ்பெக்டர் ஜெனரல்மீது புகார் இருந்தால் அதை விசாரிக்க எல்லாத் துறைகளுக்கும் பொதுவான குழு அன்று இருந்தது, ஜனாதிபதி அலுவலகம் இருந்தது. யாரைக் கண்காணிக்க அந்தப் பதவியை உண்டாக்கினார்களோ அவரே கண்காணிப்பாளரை ஆராய ஆள் அனுப்பினால், உள்ளே இருக்கும் ஊழியர் அடுத்த முறை அந்தக் கதவைத் தட்டுவாரா?

2008 பிப்ரவரியில் முடிவு வந்தது. புகார்களைக் கேட்க ஒரு குறைதீர் அதிகாரி, அறிக்கைகளின் தரம் பார்க்க ஓர் அதிகாரி, பேட்டிகளைப் பதிவு செய்வது, விசாரணைக்கு உள்ளானவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது ஆகியவற்றை இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஏற்றுக்கொண்டதாக இயக்குநர் ஊழியர்களுக்கு அறிவித்தார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல ஏற்பாடுகள். வந்த விதத்தில்தான் கோளாறு.

2009-இல் அவர் ஓய்வுபெற்றார். அவரை யாரும் நீக்கவில்லை. அந்த அளவுக்கு 1989 சட்டம் வேலை செய்தது.

## வெளிவந்த பிறகு

குடிமக்கள் உரிமை அமைப்பு ஒன்று தொடுத்த தகவல் உரிமை வழக்கில் 2008-இல் அறிக்கை முதலில் வெளியானபோது பெரும்பாலான பக்கங்கள் கறுப்பாக இருந்தன. 2009 ஆகஸ்ட் 24 அன்று ஓரளவு முழுமையாக வந்தது. அதே நாள் நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல், கைதிகளை நடத்திய விதம் பற்றி முதற்கட்ட விசாரணைக்கு உத்தரவிட்டார். 2012 ஆகஸ்டில் அதுவும் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லாமல் மூடப்பட்டது. கைதிகளை நடத்திய விதம் பற்றி செனட் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின் சுருக்கம், அவருடைய அறிக்கை தொட்ட பல இடங்களை இன்னும் ஆழமாகத் தோண்டியது.

## என்ன மாற வேண்டும்

முதலாவது, தகவல். இவ்வளவு ஆபத்தான திட்டத்தைக் கண்காணிப்பு அலுவலகம் ஒரு சாவின் மூலம் அறிந்துகொள்ளக் கூடாது. தொடங்கும் நாளிலேயே அதன் மேசைக்குக் கோப்பு வர வேண்டும். வந்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறையில் என்ன விதி, யார் பொறுப்பு என்று ஒருவராவது நவம்பருக்கு முன்பே கேட்டிருப்பார்.

அடுத்தது சாட்சியம். பார்த்த நாடாக்களின் நகலைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் கடமையும் அந்த அலுவலகத்துக்கு இருக்க வேண்டும். விசாரிக்கப்படும் பிரிவின் அலமாரியிலேயே மூலத்தை விட்டுவந்ததால்தான் 2005 நவம்பர் நடந்தது.

இயக்குநர் பரிந்துரையை மறுத்தால், விசாரணையை நிறுத்தும்போது எழுதித் தருவதைப் போலவே, மறுத்த காரணத்தையும் ஏழு நாளில் குழுக்களுக்கு எழுத்தில் தர வேண்டும். விசாரணைக்குக் கால வரம்பும் வேண்டும். அது அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, செத்தவர் குடும்பத்துக்கும் செய்யும் நியாயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. 2009-இல் அவர் போன பிறகு 2010 அக்டோபர் வரை நிரந்தர அதிகாரி இல்லை. அடுத்து வந்தவர், செனட் குழு ஊழியர்களின் கணினிகளில் சி.ஐ.ஏ. ஊழியர்கள் ஐந்து பேர் முறையின்றி நுழைந்ததாக 2014-இல் எழுதினார். அவர்கள் தவறு செய்யவில்லை என்று வேறொரு குழு 2015 ஜனவரியில் சொன்னது, அதே மாதம் அவர் விலகினார். அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தற்காலிகப் பொறுப்பில் இருந்தவர்களே நடத்தினார்கள். அந்தக் காலத்தில், செனட் குழு அனுப்பிய சித்திரவதை ஆய்வின் முழுப் பிரதியை அந்த அலுவலகம் கணினியிலிருந்தும் அழித்து, குறுந்தகட்டையும் தவறுதலாக அழித்துவிட்டது என்று 2016-இல் தெரியவந்தது. செனட் ஒப்புதல் பெற்ற அடுத்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் வந்தது 2021-இல்.